எவெலியோவின் இடதுகால் ஷூ

அமெரிக்காவின் சான் ஆர்தெமியோ ஊர்ப் பொது நூலகத்தில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இடதுகால் ஷூ நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. வைத்த இடத்தை விட்டு அது அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் காலையில் பார்த்தால் அடிப்பாகம் தேய்ந்திருக்கும், கீழே ஒரு கை மண் கிடக்கும்.

அதை அங்கே வைத்தவள் ஒப்துலியா, நூலகத்தைப் பெருக்கித் துடைப்பவள். ஹோண்டுராஸில் விட்டுவந்த மகன் எவெலியோ பத்தொன்பது வயதில் அம்மாவைத் தேடிப் புறப்பட்டு, மெக்சிகோ எல்லைப் பாலைவனத்தில் காணாமல் போனான். அந்த வழியில் எல்லை கடப்பவர்களுக்குத் தண்ணீர் கேன் வைத்துவரும் ஆட்களுக்குக் கிடைத்தது இந்த ஒற்றை ஷூதான். உள்ளே பேனாவால் அவளது தொலைபேசி எண் எழுதியிருந்தது. நான்கு வருடம் அது அவள் கட்டிலுக்கடியில் சும்மா கிடந்தது. ஒரு செப்டம்பரில், ஸ்பானிய மொழி பேசும் மக்களின் பாரம்பரிய மாதத்தைக் கொண்டாட, நூலகர் நோரீன் எல்லோரையும் சொந்த நாட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். மெக்சிகோவின் ஓஹாகாவிலிருந்து வந்த ஃபிதென்சியா பூவேலை செய்த ரவிக்கையை வைத்தாள். கூரை வேய்கிற குவாத்தமாலாக்காரர் மக்காரியோ மர முகமூடியை வைத்தார். ஒப்துலியா ஷூவை வைத்தாள்.

"விழாவுக்கு எவளாவது பழைய ஷூவைக் கொண்டாருவாளா? அதுவும் ஒத்தை!" என்றாள் ஃபிதென்சியா.

"எங்க ஊர்லேருந்து எனக்கு வந்து சேர்ந்தது இது மட்டுந்தான்."

ஃபிதென்சியா இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பெட்டிக்குள் பாலைவன மண் கிடந்தது. நோரீன் எலி என்று நினைத்துப் பொறி வைத்தாள். பொறி அப்படியே இருந்தது, குதிகால் தேய்ந்திருந்தது. எவெலியோ நடந்து வருகிறான் என்று ஊரே சொன்னது. ஒப்துலியா குத்துமதிப்பாக ஓர் அளவில் சட்டை வாங்கினாள். மக்காரியோ பழைய டயரை வெட்டிப் புது அடி ஒட்டிக் கொடுத்தார். மாதம் முடிந்து மற்றவர்கள் தங்கள் பொருட்களை எடுத்துப் போனார்கள். ஷூவை எடுக்கச் சொல்ல நோரீனுக்கு மனம் வரவில்லை.

அடுத்த கோடையில் மண் மாறியது. ஃபிதென்சியா ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள், கண் கலங்கிவிட்டது. "இது எங்க சோளக்காட்டு மண்ணுடி." ஓஹாகா தெற்கே இருக்கிறது. அவன் வரவில்லை, திரும்பிப் போகிறான். அன்று ஒப்துலியா ஒரே தரையை மூன்று முறை துடைத்தாள்.

குளிர்காலத்தில் சாம்பல் விழுந்தது. "எங்க எரிமலைச் சாம்பல். வழி தெரிஞ்சவன், தோன்யா ஒப்துலியா. நல்லாத்தான் நடக்குறான்" என்றார் மக்காரியோ.

"உயிரோட இருக்கறவன் எதுக்குத் திரும்பி அங்க போவான்?"

மக்காரியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பிறகொரு நாள் செம்மண்ணும் பைன் இலையும் கிடந்தன. அது எந்த ஊர் மண் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாளிலிருந்து ஷூ தேயவில்லை. போகலாம் என்றால் அவளிடம் இங்கே தங்குவதற்கான காகிதங்கள் கிடையாது, போனால் திரும்ப முடியாது. இங்கே பிறந்த மகள் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். நோரீனின் மேசைத் தொலைபேசியிலிருந்து, ஹோண்டுராஸில் பூட்டிக் கிடக்கும் தன் வீட்டின் சாவியை வைத்திருந்த பக்கத்து வீட்டுத் தோரிலாவை அழைத்தாள்.

"கதவைத் திறந்து, மேசையில ஒரு காபி வை, தோரிலா."

"யாருக்குடி?"

"எவெலியோ வந்திருக்கான்."

மறுநாள் காலை நூலகத்தில் தொலைபேசி ஒலித்தது.

"குடிச்சிட்டான். கோப்பையக் கழுவிக் கவுத்து வச்சிருக்கான்."

"சின்னதுலேருந்தே அப்படித்தான்." என்றாள் ஒப்துலியா. "என்னைத் தேடினானா?"

"உன் கட்டில்ல படுத்திருக்கான்போல. தலையணையெல்லாம் செம்மண்ணு."

"துவைச்சிராத," என்றாள் ஒப்துலியா.

தோரிலா துவைக்கவில்லை. தினமும் காலையில் காபி வைக்கிறாள். மழைக்காலத்தில் அவன் இரண்டு கோப்பை குடிப்பான்.