ஒரே குழாய், ரெண்டு நண்டு

வீட்டோட மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால்தானே! அவருக்குக் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. தொட்டியில் ஓர் உள்ளூர் நண்டையும் ஒரு வெளிநாட்டு நண்டையும் விட்டு, ஒரே ஒரு குழாய்த் துண்டைப் போட்டு, அதில் எது குடியேறுகிறது என்று பார்க்க வேண்டும். பார்த்தோமா, வீட்டுக்கு வந்தோமா என்றில்லாமல், சாப்பிடும்போது மாமனாரிடம் அளந்துவிட்டார்.

"அந்த வெளிநாட்டு நண்டு கப்பல் அடித்தொட்டித் தண்ணியோட வந்துச்சு மாமா. இங்க இருந்த நண்டோட பொந்தையெல்லாம் பிடிச்சுக்கிச்சு. தீனியும் ஜாஸ்தி."

மாமனார் மாப்பிள்ளையின் தட்டைப் பார்த்தார். அப்புறம் மாடி அறையைப் பார்த்தார். அது மகன் வளர்ந்த அறை. கல்யாணத்துக்குப் பிறகு அதில் மகளும் மாப்பிள்ளையும் இருந்தார்கள்.

போதாக்குறைக்கு, வெளியூர் வேலையை உதறிவிட்டு மகனும் பெட்டியோடு வந்து இறங்கினான். சோபாவில் கால் நீட்ட முடியவில்லையாம். "என் ரூமைக் குடுங்க" என்று ஒரே பிடியாக நின்றான். இந்த உலகத்தில் மாப்பிள்ளை தன் இஷ்டத்துக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிந்த ஒரே கதவு அதுதான்.

"நண்டே சொல்லட்டும்" என்றார் மாமனார். "ரெண்டையும் கொண்டாங்க. நம்மூரு ஜெயிச்சா ரூம் பையனுக்கு. வந்தது ஜெயிச்சா உங்களுக்கு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. நிலையத்தில் வெளிநாட்டு நண்டு ஒரு தடவைகூடத் தோற்றதில்லையே!

ஞாயிற்றுக்கிழமை, துணி ஊறவைக்கிற டப்பில் கடல் தண்ணீரும் குழாயும் தயார். விட்ட மாத்திரத்தில் வெளிநாடு குழாய்க்குள் புகுந்து கொடுக்கை நீட்டியது. உள்ளூர் வெளியே சுற்றிச் சுற்றி வந்தது. "விடாதடா!" என்று மாமனார் தொடையைத் தட்டினார். மாப்பிள்ளை பெருந்தன்மையாக முகத்தை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மச்சினன் கையிலிருந்த வறுத்த மீன் டப்பில் விழுந்தது. "கை தவறிடுச்சு" என்றான், சிரிக்காமல். தின்னிப்பண்டாரம் குழாயை விட்டு வெளியே ஓடியது. அந்த நேரம் பார்த்து உள்ளூர் நண்டு உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டது. வெளிநாடு திரும்பி வந்து முட்டிப் பார்த்தது. ஊஹூம்.

"இது போங்கு!" என்று கத்தினார் மாப்பிள்ளை. யார் கேட்கிறார்கள்? மச்சினன் ஏற்கெனவே பெட்டியோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான்.

தோற்ற நண்டு டப்பின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்த மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ பாவம், வாயில்லா ஜீவன். வந்த இடத்துல எங்க போய் நிக்கும்?" உள்ளே ஓடினார். யாரையும் தொடவிடாத தன் சொந்த டம்ளரைக் கொண்டுவந்து தண்ணீரில் சாய்த்து வைத்தார். நண்டு அதற்குள் போய் அடங்கிய பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

மாப்பிள்ளைக்கும் நெஞ்சு இளகியது. மனுஷன் தங்கமானவர்தான் என்று தோன்றியது. மெதுவாகப் பக்கத்தில் போய்க் கேட்டார்.

"அப்ப எனக்கு, மாமா?"

மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க என்ன நண்டா மாப்பிள்ளை?"