பழுதான பாகம்: வலது மணிக்கட்டு

அன்று காலை ஊருக்கு வெளியே சரளைக்கல் குவாரியில் இருந்தவர்கள் நால்வர். மடக்கு மேசையின் தலைப்பக்கம் ஷெரிஃப் ஓர்வில் தாம்சென். அவருக்கு இடப்பக்கம், தோட்டாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல், துணை ஷெரிஃப் ரமோனா. வலப்பக்கம், வண்டியின் பின்கதவில் காலைத் தொங்கப் போட்டபடி, இன்னொரு துணை ஷெரிஃப் கர்ட். எதிரே, தாள்கள் பறக்காமலிருக்க மூலைக்கொரு கல் வைத்துக்கொண்டு, எழுத்தர் வெர்னா கூச்செரா. நடுவில் இரண்டு கைத்துப்பாக்கிகள்: ஒன்று முழுக்க இரும்பு, மற்றது பாலிமர் உடம்பு.

எதை வாங்குவது என்ற பரிந்துரை மூன்று மணித் தபாலில் மாவட்டக் குழுவுக்குப் போயாக வேண்டும். தவறினால் இந்த வருட நிதி அனுமதி காலாவதி. பழைய துப்பாக்கிகளின் யோக்கியதை ஊரறிந்தது. போன மாதம் கர்ட் ஒரு திருடனைத் துரத்தியபோது தோட்டாக்கூடு தானாகக் கழன்று விழுந்தது. திருடனே நின்று எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி ஓடினான்.

துப்பாக்கிக்கு ஐந்நூறு தோட்டா சுட்டாகிவிட்டது. இரும்பில் தோட்டா சிக்கியது மூன்று தடவை, மூன்றும் சேற்றில் முக்கியெடுத்த பிறகு. பாலிமர் சேற்றையும் பனிக்கட்டியையும் சட்டை செய்யவில்லை. ஆனாலும் அதில் பதினேழு சிக்கல்.

"மூணு சின்னதா, பதினேழு சின்னதா? இரும்பையே எழுதும்மா," என்றார் ஷெரிஃப்.

"அந்தப் பதினேழும் உங்க கையிலதான் சிக்குச்சு, ஷெரிஃப். எங்க கையில ஒண்ணுகூட இல்ல," என்றாள் ரமோனா.

"தோட்டா சரியில்ல."

"எல்லாம் ஒரே பெட்டி."

"காத்து அடிச்சுது."

"எங்களுக்கு மட்டும் என்ன, விசிறியா வீசுச்சு?" என்றான் கர்ட்.

வெர்னா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். கட்டம் எதையாவது காலியாக விட்டால் அவளுக்குப் பல் கூசும். "காரணமான பாகம்னு ஒரு கட்டம் இருக்கு. காரணம் துப்பாக்கிக்கு வெளியில இருந்தா, அந்தப் பதினேழும் அதோட கணக்குல சேராது. ஆறாம் பக்கம், அடிக்குறிப்பு."

"வெளியிலன்னா எங்க?"

மூவரும் அவருடைய வலது மணிக்கட்டைப் பார்த்தார்கள்.

சுட்டதும் துப்பாக்கியின் மேல்பாகம் பின்னால் பாய்ந்து, காலித் தோட்டாக் குப்பியைத் துப்பிவிட்டு, திரும்பும் வழியில் அடுத்த தோட்டாவை அள்ளிக்கொள்ள வேண்டும். பிடித்த கையும் கூடவே பின்னால் போனால் அந்தப் பாய்ச்சல் பாதியில் நின்றுவிடும். இரும்பு தன் கனத்தாலேயே சமாளித்துக்கொள்ளும். இலேசான பாலிமருக்கு மணிக்கட்டுதான் தூண். ஷெரிஃபோ நாற்பது வருடம் ரிவால்வர் சுட்டவர். பின்னால் பாயும் பாகம் ரிவால்வரில் இல்லை; பிடித்திருப்பவர் கை தளர்ந்தாலும் அது கண்டுகொள்ளாது.

"சரி, நானும் ஒரு பாகம்னா என்னையும் அதே வரிசையில சோதிங்க. ஓரவஞ்சனை கூடாது," என்று எழுந்தார்.

சோதித்தார்கள். அவர் உலர்ந்த நிலையில் பாலிமரைச் சுட்டபோது நான்கு சிக்கல். அவர் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியபின் ஐந்து. மண் தூவியபின் ஐந்து. அடுத்தது, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுதல்.

"நாங்க தள்ளணுமா, அவரே விழுவாரா?" என்று கர்ட் ஆவலோடு கேட்டான்.

அவரே வண்டியின் பின்கதவிலிருந்து குதித்தார். இரண்டு சிக்கல், கூடவே ஒரு கெட்ட வார்த்தை. அதை வெர்னா 'வழக்கத்துக்கு மாறான ஒலி' என்ற கட்டத்தில் குறித்தாள்.

பிறகு பேனாவை மூடிவைத்து, இரண்டு மர அளவுகோல்களை அவர் மணிக்கட்டின் இருபுறமும் வைத்து, வண்டியிலிருந்த ஒட்டுநாடாவால் இறுக்கிச் சுற்றினாள். அதே துப்பாக்கி, அதே கை, ஐம்பது தோட்டா. ஒன்றும் சிக்கவில்லை.

வெர்னா எழுதத் தொடங்கினாள்: "பாலிமர் துப்பாக்கியைப் பரிந்துரைக்கிறோம். பதினேழு சிக்கல்களுக்கும் காரணமான பாகம்: ஷெரிஃபின் வலது மணிக்கட்டு. வயது அறுபத்தொன்று. மாற்றுப் பாகம் கிடைப்பதில்லை."

ஈரச் சட்டையோடு அவர் அதை இரண்டு தடவை படித்தார். அடுத்த வருடம் ஷெரிஃப் பதவிக்குத் தேர்தல். மாவட்டக் குழுவில் வாசித்தால் மறுநாள் சிகை திருத்தும் கடையில் இதுதான் பேச்சு. இரும்பு என்று மாற்றச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. வெர்னாவால் மறுக்க முடியாது. கர்ட்டின் பூட்ஸில் காய்ந்திருந்த வாய்க்கால் சேற்றை ஷெரிஃப் பார்த்தார். இரும்பு மூன்று தடவையும் சிக்கியது சேற்றில்தான்.

"இது தப்பு, வெர்னா," என்றார் கடைசியில்.

"எதுங்க?"

"அறுபதுதான். நவம்பர்லதான் அறுபத்தொண்ணு."

அவள் அடித்துத் திருத்தினாள். 'ஷெரிஃபுக்கு மட்டும் ரிவால்வரே போதும்' என்று ஒரு வரியும் சேர்த்தாள். கட்டுப்போட்ட கையை மடக்க முடியாமல், தோளிலிருந்து மொத்தக் கையையும் இழுத்து அவர் கையெழுத்துப் போட்டார். அது விளிம்பு தாண்டி மேசைவரை ஓடியது.

மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் வெர்னா உறையின் பசையை நாக்கால் நனைத்து ஒட்டி, விரலால் நான்கு தடவை அழுத்தித் தேய்த்து, தபால் வண்டிக்காரரின் கையிலேயே கொடுத்தாள்.