கோக்கோவின் முட்டி

நாய் மருத்துவரின் கிளினிக்கில் கலாதேவி கோக்கோவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொழுத்த குட்டைக்கால் நாய். நேரமாக ஆக அவளுடைய வலது முட்டி விண் விண்ணென்று தெறித்தது. இறக்கிவிடப் பார்த்தாள்.

"தரை ஜில்லுன்னு இருக்கு கலா, மடியிலயே வச்சுக்க" என்றார் பக்கத்தில் இருந்த நித்யகல்யாணி ஆச்சி, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குனோங் ராபாட் பகுதியில் ஆச்சியின் மாடி வீட்டில் துடைப்பது, துவைப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் கலாதான். இஸ்திரி மேசை மாடியில் இருந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் கீழறைக்கு அதை மாற்றித் தரச்சொல்லி தீபாவளிக்கு முன்பே கேட்டிருந்தாள். ஆச்சி "பாக்கலாம்" என்றதோடு சரி.

டாக்டர் சரளா கோக்கோவின் பின்னங்காலைப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டினார். நாய் முனகியது.

"வலிக்குதா சாயாங், வலிக்குதா செல்லம்?" என்று நாயிடமே கேட்டார்.

கலாவின் முட்டியை இதுவரை யாரும் அப்படித் தொட்டுக் கேட்டதில்லை.

"முட்டி தேஞ்சிருக்குக்கா. எடையக் குறைக்கணும். வழுக்குற டைல்ஸ்ல பாய் போடுங்க. படி மட்டும் ஏறவே கூடாதுலா. அப்புறம், நம்ம சாப்புடுற வலி மாத்திரைய குடுத்துறாதீங்க, நாய்க்கு வெசம் அது."

"ஐயோ, பாவம் புள்ள" என்று ஆச்சி கண் கலங்கினார்.

கலாவுக்கு வயிறு எரிந்தது. சே, போயும் போயும் ஒரு நாயைப் பார்த்தா, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்படியும் அடங்கவில்லை. நான்கு காலில் ஒன்று போனதற்கு இத்தனை உபசாரம். இரண்டில் ஒன்று போனவளை யார் கேட்டார்கள்?

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று, திரும்பும்போது காரில் வாயைத் திறந்தாள்.

"ஆச்சி, எனக்கும் இதே முட்டி வலிதான். படி ஏற முடியல. அந்த இஸ்திரி மேசைய கீழ் ரூம்ல போட்டுட்டா..."

"நல்லவேள, ஞாபகப்படுத்துன!" ஆச்சியின் முகம் மலர்ந்தது. "கோக்கோ இனி மாடிக்கு வர முடியாதுல்ல, அந்த ரூம அதுக்குக் குடுத்துரலாம். குளுகுளுன்னு ஏர்கோன் கூட இருக்கு. நீ தைலம் தேச்சுப் பாரு கலா."

மறுநாள் கீழறையில் பாய் விரித்து, மெத்தையும் போட்டாயிற்று. விரித்தவள் கலாதான். நாய் தப்பித்தவறிப் படியேறிவிடக் கூடாதென்று, ஆச்சி ஆள் கூப்பிட்டுப் படிக்கட்டின் அடியில் குறுக்கே ஒரு பலகையும் அடிக்க வைத்தார். முட்டி உயரம் இருந்தது.

துணிக்கூடையோடு கலா அதன் முன்னால் வந்து நின்றாள். கீழறையின் கதவு திறந்திருந்தது. கோக்கோ மெத்தையில் தலை வைத்தபடி அவளைப் பார்த்தது.

"என்ன பாக்குற? குடுத்து வச்சவன்லா நீ."

கூடையை எக்கி இரண்டாம் படியில் வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நல்ல காலைப் பலகைக்கு அப்பால் ஊன்றினாள். வலது முட்டி மடங்க மறுத்தது. குனிந்து, அந்தக் காலை இரண்டு கைகளாலும் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள்.