ஆயிரம் வருசம் கேட்ட மிட்டாய்க்காரன்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மிட்டாய்க் கடை வரிசையில் பிறந்தது. நவம்பர் மாதம், அசகுசாவில், கிங்கோ இலையெல்லாம் மஞ்சளாகித் தெருவில் கொட்டிக் கிடந்த ஒரு காலை. எனக்கு முன்னால் மூன்று வயசுப் பெண் ஒருத்தி, பட்டு கிமோனோவில், தன்னைவிடக் கொஞ்சம்தான் குட்டையான மிட்டாய்ப் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு போனாள். பைமேல் நீண்ட ஆயுசுக்கு அடையாளமாகக் கொக்கும் ஆமையும் வரைந்திருந்தது. உள்ளே சிதோசே அமே. அதாவது, ஆயிரம் வருச மிட்டாய். மூன்று, ஐந்து, ஏழு வயசானதும் பிள்ளைகளைக் கோவிலுக்குக் கூட்டிப்போகிற அன்று கையில் கொடுப்பது.

இருபது வருசத்துக்கு மேல் இந்தப் பேட்டையில் குடியிருக்கிறேன், இதைக் கேட்கத் தோன்றியதே இல்லை. அன்று கேட்டேன்.

"இதுக்கு யாருங்க இந்தப் பேரு வெச்சது?"

கடைக்கார மியவாகி அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்தக் காலத்துல இங்க யாரோ ஒரு மிட்டாய்க்காரர்னு சொல்லுவாங்க. வாங்குறீங்களா, இல்ல கதை கேக்க மட்டும்தான் வந்தீங்களா?"

வாங்கினேன். வீடு போய்ச் சேருவதற்குள் பாதியைத் தின்றும் விட்டேன். அந்த 'யாரோ' மட்டும் மிட்டாயோடு சேர்ந்து பல்லில் ஒட்டிக்கொண்டது.

(இனிமேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு. இதுதான் வரலாறு என்று எங்கேயாவது போய்ச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.)

2

இந்த ஊருக்கு எடோ என்று பேர் இருந்த காலம். எப்படித் தொடங்குவது?

எடோ மாநகரத்தின் கூரைகள்மீது பொழுது மெல்லப் புலர்ந்து

(தினமும்தான் புலர்கிறது. அடித்துவிட்டேன்.)

தொமேசோ மிகவும் நல்லவன். ஏழைகளுக்கு

(யாருக்கு வேண்டும்? நல்லவன் என்று முதல் வரியிலேயே சொன்னால் நானே படிக்க மாட்டேன்.)

தொமேசோவுக்குத் தொண்டை பெரிசு.

ஆங். இது இருக்கட்டும்.

3

தொமேசோவுக்குத் தொண்டை பெரிசு. அசகுசா கோவில் வாசலில் நின்று "மிட்டாயோய்" என்று அவன் ஒரு குரல் கொடுத்தால் ஆற்றுக்கு அக்கரையில் பிள்ளைகள் அழ ஆரம்பிக்கும். பக்கத்தில் தேநீர்க் கடை போட்டிருந்த ஒகுமா என்கிற அம்மாள் அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கோப்பைகளைக் கையால் பிடித்துக்கொள்வாள். ரகசியம் பேசுவது என்பது அவனுக்கு வராத வித்தை. "உன் பொண்டாட்டி உன்னைத் திட்டறது எனக்குக் கேக்கறதில்ல தம்பி. நீ பதில் சொல்றதை வெச்சுத்தான் சண்டைன்னு கண்டுபிடிக்கிறேன்" என்பாள் ஒகுமா.

இன்னொன்று, அவன் பேரத்தில் கில்லாடி. எந்தச் சரக்குக்கும் மூன்று மடங்கு விலை சொல்வான். வாங்குகிறவர்கள் அடித்துப் பிடித்துக் குறைப்பார்கள். ஜெயித்துவிட்டோம் என்று அவர்களும் சிரிப்பார்கள், இவனும் சிரிப்பான்.

(இதுவரை கதை ஜாலியாகப் போகிறது, இல்லையா? முதல் தடவை எழுதியபோது இவனை ஒண்டிக்கட்டையாக வைத்திருந்தேன். ஆனால் மிட்டாய்க்கு ஆயிரம் வருசம் என்று பேர் வைக்கிறவனுக்கு, வருசம் எங்கேயோ போதாமல் போயிருக்க வேண்டும். அதனால் அவனுக்கு ஒஷினோ என்று ஒரு மனைவியைக் கொடுத்தேன். கென்தா என்று ஒரு பையனையும் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அடுத்த பத்தியில் அவனை எடுத்துக்கொண்டும் விட்டேன். எழுதிவிட்டு எனக்கே மனசு ஆறவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன்.)

கென்தா பிறந்ததிலிருந்தே நோஞ்சான். அவனுக்காகத் தொமேசோ சாமியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "மூணு வயசு விழாவைப் பாத்துட்டாப் போதும் சாமி, வேற எதுவும் வேணாம்." சாமி கொடுத்தார். கென்தா புது உடுப்புப் போட்டுக்கொண்டு, அப்பா தோளில் உட்கார்ந்து விழாவைப் பார்த்தான். புது வருசம் பிறப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டான்.

இப்போது அடுத்த பிள்ளை, ஒமிட்சு என்கிற பெண். அவளுக்கும் மூன்று வயசாகிறது. அதுவரை மழித்து வைத்திருந்த தலையில் இனி முடி வளர விடுகிற நாள். நாளைக்குக் கோவிலுக்குக் கூட்டிப்போக வேண்டும், பிள்ளைக்காக வாய் திறந்து கேட்க வேண்டும். தொமேசோ போக மாட்டேன் என்கிறான். அந்தத் தொண்டைக்காரன்.

4

சண்டை மிட்டாய் இழுக்கும்போது வந்தது.

அரிசியும் முளைகட்டிய பார்லியும் சேர்த்துக் காய்ச்சிய பாகைச் சூட்டோடு இழுக்க வேண்டும். ஒரு முனை புருசன் கையில், மறுமுனை பெண்டாட்டி கையில். இழுப்பது, மடிப்பது, மறுபடி இழுப்பது. பழுப்புப் பாகு வெளுக்கும்வரை யாரும் கையை விடக்கூடாது. அதுதான் தொழில் வழக்கம். கோபம் வந்தாலும் எழுந்துபோக முடியாது.

"நாளைக்கு நான் வரலை" என்றான் தொமேசோ. "நம்ம பாட்டுக்கு இருந்துடலாம். சாமி கண்ணுல படாமலே அவ வளரட்டும்."

"கண்ணுல படாம வளர அவ என்ன எலியா?" ஒஷினோ முனையைப் பிடித்தபடி ஓர் அடி பின்னால் போனாள்.

"போன தடவை கேட்டேன்ல. என்ன ஆச்சு?" அவனும் ஓர் அடி பின்னால் போனான்.

"என்ன ஆச்சா? நீங்க கேட்டதைக் குடுத்தாரு. அதான் ஆச்சு. மூணு வயசு போதும்னு சொன்னது யாரு?"

இருவரும் மடிக்க மறந்துபோனார்கள். மிட்டாய் நீண்டுகொண்டே போனது. ஒஷினோ வாசலைத் தாண்டிச் சந்துக்கு வந்துவிட்டாள். ஒகுமா தேநீர்த் தட்டோடு குனிந்து, மிட்டாய்க்கு அடியில் நுழைந்து போனாள்.

(இவ்வளவு நீளம் வருமா என்று மியவாகி அம்மாவிடம் கேட்டேன். "பாதியிலயே தொங்கிரும்" என்றார். தொங்கட்டும், பரவாயில்லை.)

"ஏங்க, கோவில் வாசல்ல நின்னு என்ன பண்றீங்க நீங்க?" சந்திலிருந்து ஒஷினோவின் குரல். "மூணு மடங்கு சொல்றீங்க. அவங்க குறைக்கிறாங்க. ஒரு மிட்டாய்த் துண்டுக்கு அவ்ளோ சாமர்த்தியம். பெத்த புள்ளைக்குன்னு வந்தப்ப மட்டும் எடுத்த எடுப்புல கடைசி விலையைச் சொல்லிட்டு வந்தீங்க."

தொமேசோ இத்தனை நாள் சாமியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தான். அழுகை வந்தது, துடைக்கக் கை இல்லை.

(ஒஷினோ இப்படிச் சொல்லலாமா? கொடுமை இல்லையா? வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அவளும் கென்தாவின் அம்மா. எனக்கு முன்னால் அவள் பேசட்டும்.)

மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு அவன் கேட்டான். "அப்ப, எவ்ளோ சொல்லலாங்கிற?"

"நூறு."

"நூறு சொன்னா முப்பதுல முடிச்சிடுவாரு." வியாபாரி எழுந்துவிட்டான். "முந்நூறு சொல்லலாம்."

"அட, தாராளமாக் கேளுங்க. நம்ம வீட்டுக் காசா?"

"ஆயிரம்" என்றான் தொமேசோ. "ஆயிரம்னு ஆரம்பிக்கிறேன். அவரு எப்படி அடிச்சுப் பேசினாலும் எண்பதுக்குக் கீழ விட மாட்டேன்."

ஒஷினோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். அதற்குள் மிட்டாய் இறுகிப்போயிருந்தது, இனி மடிக்க முடியாது. விரல் நீளத்துக்கு நறுக்கி விற்கிற சரக்கு. மறுநாள் விடிந்ததும் கிளம்ப வேண்டுமே, நறுக்க நேரம் எங்கே? கை நீளத்துக்கு உடைத்துக் கட்டாகக் கட்டி வைத்தாள் ஒஷினோ.

5

மறுநாள் கோவிலில் நல்ல கூட்டம். ஒமிட்சு அம்மா இடுப்பில். கட்டு அப்பா தோளில்.

"மெதுவா வேண்டிக்குங்க" என்றாள் ஒஷினோ.

"மெதுவாத்தான்" என்றான் தொமேசோ. அதுவே நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

இரண்டு தடவை கும்பிட்டான், இரண்டு தடவை கை தட்டினான். கண்ணை மூடினான். மனசுக்குள்தான் கேட்கப் பார்த்தான், சத்தியமாக. ஆனால் வாழ்நாளெல்லாம் கேட்கிற விலையைக் கூவியே சொல்லிப் பழகின வாய்.

"ஆயிரம் வருசம்! ஆயிரம் வருசம்!"

பூசாரி கையிலிருந்த விசிறியைக் கீழே போட்டார். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒமிட்சு மட்டும் கை தட்டினாள்.

தொமேசோ தலையைக் குனிந்துகொண்டு நழுவப் பார்த்தான். ஐந்து வயசுப் பையனோடு நின்ற ஒரு பெண், பார்த்தால் துணிக்கடைக்காரர் வீட்டு அம்மா மாதிரி, அவன் சட்டையைப் பிடித்தாள்.

"என்ன விலைங்க அது?"

"எதும்மா?"

"தோள்ல வெச்சிருக்கீங்களே. ஆயிரம் வருசம். ஒண்ணு குடுங்க."

பழக்கதோசத்தில் மூன்று மடங்கு விலை சொன்னான். அவள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் குழந்தையைத் தூக்கிய ஒரு தச்சன். "எனக்கும் ஒரு ஆயிரம் வருசம்." "ரெண்டு குடு, வீட்ல ரெண்டு புள்ளைங்க." கட்டு கரைந்துவிட்டது.

ஒருத்தர்கூடப் பேரம் பேசவில்லை.

தொமேசோ வெறுந்தோளோடு நின்றான். "ஒஷினோ, யாருமே குறைக்கலடி. மேல இருக்கறவரும் குறைக்கலைன்னா?"

"அப்ப ஆயிரம் வருசத்துக்கு யாரு அவளுக்குப் பொங்கிப் போடறது?" என்றாள் ஒஷினோ.

6

முடிவு.

முதல் முடிவு: ஒமிட்சு வளர்ந்து, கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்து

(சீக்கிரம் சொல்லிவிட்டேனோ? நான் அவசரப்பட்டால் அவள் வயசுதான் குறையும்.)

இரண்டாம் முடிவு: அந்தக் குளிர்காலத்தில் ஒமிட்சுவுக்கும் காய்ச்சல்

(இல்லை. வராது. பாத்திரமெல்லாம் கழுவியாகிவிட்டது.)

மூன்றாவதாக ஒன்று எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. ஒமிட்சு எத்தனை வயசுவரை இருந்தாள் என்று ஓர் எண்ணை எழுதவேண்டும். எந்த எண்ணை எழுதினாலும் பேரத்தை நானே முடித்த மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு பிள்ளை விசயத்தில் நான் என்ன லட்சணம் என்பதை மூன்றாம் பகுதியில் பார்த்துவிட்டீர்கள்.

அதனால் எண்ணை நீங்கள் சொல்லுங்கள். அவள் இன்னும் கோவில் வாசலில்தான் இருக்கிறாள். தலையில் இப்போதுதான் முடி அரும்பியிருக்கிறது. கட்டிலிருந்து அப்பா முதலிலேயே அவளுக்கென்று எடுத்துவைத்த ஒரே ஒரு மிட்டாயை இரண்டு கையாலும் பிடித்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள். கூச்சப்படாமல், வாய் நிறையக் கேளுங்கள்.

நான் குறைக்க மாட்டேன்.