மாற்று ஆட்டக்காரன் நாற்காலி

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வாங்கியவன் மூன்று வருடமாக பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆள் மாற்றுவதில் கோச்சுக்கு எப்போதும் ஒரே கணக்குதான்: முதல் ஐந்து பேர், அவர்களுக்கு மூச்சு வாங்கினால் இன்னும் மூன்று பேர். மிச்சமுள்ளவர்கள் தண்ணீர் நீட்டவும் கைதட்டவும். ஒப்புக்குச் சப்பாணி என்றால் இவன்தான். வீட்டில் மட்டும் கதை வேறு. "நான் இல்லாம டீமே இல்லம்மா" என்று அளந்து வைத்திருந்தான். அதை நம்பி, தையல் கடையைப் பூட்டிவிட்டு, கடைசி வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு அம்மா வந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிடமாவது அவள் கண் முன்னால் உள்ளே ஓட வேண்டும். அவன் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

அணி மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று கோச்சுக்கே தோன்றியிருக்க வேண்டும். முடியப்போகும் நேரத்தில் திரும்பினார்.

"ஒட்டடை, போடா உள்ள!"

ஆட்ட டவுசருக்கு மேலே போட்டிருந்த பேன்ட்டைக் கழற்ற வேண்டும். ஒருநாளும் கழற்ற வேண்டி வந்ததில்லை என்பதால் நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தான், பாவி. அதோடு மல்லுக்கட்டும்போதே விசில் வந்து, பந்து நின்று, மறுபடி ஆட்டமும் தொடங்கிவிட்டது. ஒருவழியாகக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்கோர் மேசைக்கு ஓடினான்.

"இப்ப போக முடியாதுப்பா. அடுத்த விசில் வரட்டும், உக்காரு" என்று மேசைக்காரர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

பந்து எதிரணியின் கையில். ஜெயித்தவர்களுக்கு இனி கூடை எதற்கு? மிச்சமிருந்த சில நொடிகளும் நடுக்களத்தில் சும்மா தட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரே ஒரு ஃபவுல் போதும், விசில் வந்துவிடும்.

"மச்சான், ஃபவுல் பண்ணுடா!" என்று களத்தில் இருந்த நண்பனைப் பார்த்துக் கத்தினான்.

"விட்றா. தோத்தாச்சு, இனிமே அடிச்சு வேற அசிங்கப்படணுமா?"

நண்பனுக்கு அது பெருந்தன்மை. இவனுக்கு அது கைவிட்டுப் போகும் கடைசி நிமிடம். ஆட்டம் முடிந்த மணி அடித்துவிட்டது.

அம்மா இருந்த கேலரிக்கு ஏறிப் போனான். எல்லோரும் கிளம்பியும் அம்மா எழுந்திருக்கவில்லை.

"அடுத்தது உன் ஆட்டம்தானேப்பா? அதுக்குத்தானே உன்னை மட்டும் தனியா நாற்காலில உக்கார வெச்சாங்க? கடை கெடக்கட்டும், நான் இருந்து பாத்துட்டே போறேன்."