மோதிரத்தின் உள்பக்கம்

வெள்ளிக்கிழமை காலையில் யமுனா அந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை எடுத்துத் தரையில் வைத்தாள் என்றால் அவள் புருஷன் பச்சையப்பன் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்ப்பான்.

அவள் குவைத்திலிருந்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆறு வருடம் ஒரே வீட்டில் வேலை. அவள் அனுப்பிய பணத்தில்தான் பச்சையப்பன் ஆட்டோ வாங்கி, கங்காதர நெல்லூரில் கூலி வேலைக்குப் போவதை விட்டுவிட்டு, மகள் பிரியங்காவோடு திருச்சானூருக்குக் குடிவந்தான். திருப்பதிக்கும் திருச்சானூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஸ்டாண்டில் அதற்குக் 'குவைட் பண்டி', குவைத் காசில் வந்த வண்டி, என்று பெயர். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அவள் வந்த பிறகுதான் அந்தப் பெயர் உறுத்தியது.

வந்தபோது பெட்டி நிறைய சாமான் கொண்டுவந்தாள். சோப்பு, சென்ட், பேரீச்சம்பழம், பிரியங்காவுக்கு ஜிகினா வைத்த கவுன். அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிப்போயிற்று. பழகாதது மோதிரம். தங்கத்தில் ஒற்றை வைரக்கல் வைத்த மோதிரம். வெள்ளிக்கிழமை மட்டும் அதைக் கழுவி, போட்டுக்கொண்டு, அம்மவாரி என்கிற தாயார் கோயிலுக்குப் போய்வந்து மறுபடி டப்பாவில் வைத்துவிடுவாள்.

"யாரு குடுத்தது?" என்று முதல் நாளே கேட்டான்.

"மேடம் குடுத்தாங்க."

அவ்வளவுதான். அவனும் மேலே கேட்கவில்லை.

ஸ்டாண்டில் கங்கையா கேட்டான். கங்கையாவும் ஆட்டோக்காரன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். "வேலக்காரிக்கு வைரம் குடுக்குற மேடம் எந்த ஊர்லபா கீறாங்க? எனக்கும் ஒரு விசா எடுத்துக் குடேன்." எல்லோரும் சிரித்தார்கள். பச்சையப்பனும் சிரித்தான். அடுத்த சவாரிக்குக் காத்திராமல் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

அவள் மோதிரம் கழுவுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். முதலில் நகத்தால் கல்லை லேசாகத் தொட்டு, ஆடுகிறதா என்று பார்ப்பாள். காதருகே வைத்து ஆட்டுவாள். பிறகு குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் கிண்ணத்தில் நிரப்பி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு விடுவாள். மோதிரம் அதில் கொஞ்ச நேரம் ஊறும். பால்பல் விழாத குழந்தைக்கு வாங்குகிற மெத்தென்ற பிரஷால் கல்லின் மேலே, அதைவிடப் பொறுமையாகக் கல்லுக்குக் கீழே, தேய்ப்பாள். வேறொரு கிண்ணத்து நல்ல தண்ணீரில் அலசுவாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கமோ குழாயடிப் பக்கமோ எடுத்துப்போகவே மாட்டாள். ஒருநாள் பிரியங்கா பல்பொடி டப்பாவை நீட்டியபோது அவள் பதறியதைப் பார்க்க வேண்டுமே.

"ஐயோ, அது ஆவாதுடி! தங்கம் கீறிக்கும். பிளீச்சிங் தண்ணியும் காட்டக்கூடாது. சோப்பும் தண்ணியும் போதும்."

இதெல்லாம் அவனுக்குப் பொருட்டில்லை. அந்தக் கால் மணி நேரம் அவள் முகம்தான் அவனைத் தின்றது. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும், போகும். யாரிடமோ பேசுகிற மாதிரி புருவம் அசையும். பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் அந்த முகத்தை அவன் பார்த்ததில்லை. எங்கே போய்விடுகிறாள்? யாரிடம் போய்விடுகிறாள்?

மாதத்துக்கு ஒருமுறை குவைத்திலிருந்து செல்லுக்குப் போன் வரும். யமுனா வாசலுக்குப் போய்விடுவாள். அரபியில் பேசுவாள். ஒரு வார்த்தையும் புரியாது, ஒன்றைத் தவிர. "மாமா" என்பாள். "மாமா, மாமா" என்று குழைவாள். கல்யாணமான புதிதில் அவனை அப்படிக் கூப்பிட்டவள். பிரியங்கா பிறந்த பிறகு, மகளுக்கு அப்பா என்று, "பிரியா நைனா" ஆகிவிட்டான். இப்போது அந்த மாமா யார்? ஒருநாள் பேசி முடித்துவிட்டு வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவன் சோற்றைத் தொடவில்லை. "இன்னா, ஒடம்புக்கு?" என்று கேட்டாள். "சூடு" என்றான்.

செவ்வாய்க்கிழமை. யமுனா லாட்ஜ் பக்கத்து மெஸ்ஸில் காய் நறுக்கப் போயிருந்தாள். பிரியங்கா பள்ளிக்கூடத்தில். பச்சையப்பன் சவாரியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தான். டப்பாவிலிருந்து மோதிரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். அப்போதுதான் உள்பக்கம் பார்த்தான். வளைவில் ஏதோ கோடுகள். தேய்ந்துபோன கீறலா, எழுத்தா, தெரியவில்லை.

மோதிரத்தை ஆட்டோவுக்கு எடுத்துப்போனான். சீட்டுக்கு அடியில் ஸ்பார்க் பிளக் துடைக்கிற கம்பி பிரஷ் கிடந்தது. துணியில் பெட்ரோலை நனைத்து உள்பக்கம் துடைத்தான். போதவில்லை. கம்பி பிரஷை எடுத்து அழுத்தித் தேய்த்தான். கை நழுவி இரண்டு தடவை கல்லின் மேலும் பட்டது. கறுப்பு உதிர உதிர எழுத்து எழுந்து வந்தது. அரபி எழுத்து. குவைத் டப்பாக்களில் பார்த்த அதே சுழிப்பு.

திருப்பதியில் காட்டினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சித்தூரில் வேதாச்சலம் இருக்கிறான்; சின்ன வயதுக் கூட்டாளி. பத்து வருடம் குவைத்தில் டிரைவராக இருந்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்ட் அருகே ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். ரோட்டுப் பலகை படித்துப் படித்து அரபி எழுத்து தெரிந்தவன். மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பச்சையப்பன் பஸ் ஏறினான்.

வேதாச்சலம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டான். "ஏமிரா, யாருது இது?"

"சவாரில ஒருத்தர் வுட்டுட்டுப் போய்க்கினாரு. பேரு இருந்தா குடுத்துறலாம்னு."

"ப... த்... ர். பதர்."

"பொம்பள பேரா?"

"ஆம்பள பேருடா. எங்க கம்பெனில ரெண்டு பதர் இருந்தானுங்க. பக்கத்துல நம்பர் போட்டிருக்கான் பாரு. ஒண்ணு, ஒம்போது, எட்டு, அஞ்சு..."

பச்சையப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. டீ சொல்கிறேன் என்றவனைத் தடுத்துவிட்டு இறங்கிவிட்டான். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். புத்தலப்பட்டு வந்தது, போயிற்று. மாந்தோப்பும் நிலக்கடலைக் கொல்லையும் ஓடிக்கொண்டிருந்தன. அவன் கண்ணுக்கு வெள்ளை அங்கி போட்ட ஒரு ஆள்தான் தெரிந்தான். நல்ல உயரம். கையில் தங்கக் கடிகாரம். தன்னைப் போல் கழுத்துப்பட்டையில் வேர்வைக் கறை இல்லாதவன். அந்த ஆள் யமுனாவின் விரலைப் பிடித்து மோதிரம் போடுகிறான். புத்தலப்பட்டிலிருந்து திருப்பதி வரைக்கும் ஒரே மோதிரத்தைப் போட்டுக்கொண்டே இருந்தான்.

மோதிரத்தை இருந்த இடத்தில் வைத்தான். மூன்று நாள் எதற்கெடுத்தாலும் குறை சொன்னான். பிரியங்கா நோட்டுப் புத்தகம் கேட்டதற்கு எரிந்து விழுந்தான். குழம்பில் உப்பில்லை என்றான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. பிரியங்கா பள்ளிக்குக் கிளம்பிப் போனதும் யமுனா கிண்ணத்தை வைத்தாள். டப்பாவைத் திறந்தாள். மோதிரத்தை நகத்தால் தொட்டவள் நிமிர்ந்தாள். காதருகே வைத்து ஆட்டினாள். டிக், டிக் என்று சின்னதாய்ச் சத்தம். ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் உள்பக்கம் பார்த்தாள்.

"பிரியா நைனா, இத யாரு தொட்டது?"

அவன் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். "எத?"

"இன்னாத்தப் போட்டுத் தேச்ச? கம்பியா? கல்லைப் புடிச்சிக்கினு இருந்த காலு ஒண்ணு வளைஞ்சி பூட்ச்சே. பெட்ரோல் வாசன வேற."

மூன்று நாளாகச் சேர்த்து வைத்தது ஒரே மூச்சில் வந்தது. "யாரு அந்த பதர்?"

யமுனா மோதிரத்தைக் கீழே இறக்கினாள். "அந்த ஆளு பேரு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்ப உனக்குத் தெரியும்!"

"தெரியாம? அந்த ஊட்லதான ஆறு வருசம் சோறு துன்னேன். மேடத்தோட வூட்டுக்காரன்."

"மாமா மாமான்னு போன்ல கொஞ்சறியே, அவன்கிட்டதான?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோய் முகம் சிவந்தது.

"யோவ், மாமான்னா அந்த ஊர்ல அம்மான்னு அர்த்தம்யா! எசமானிய வேலக்காரிங்க அல்லாரும் அப்பிடித்தான் கூப்புடணும். நீ இன்னான்னு நெனச்சிக்கினு இருந்த?"

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். மோதிரத்தைக் கையில் மூடிக்கொண்டாள்.

"நான் போய் ரெண்டாம் வருசம் அந்த ஆளு இன்னொருத்தியக் கட்டிக்கினான். பக்கத்துத் தெருவுலயே வூடு. மாமா ஒரு வார்த்த பேசல. சர்க்கர வியாதி வேற. வெரலு வீங்கி இந்த மோதரம் கெயட்ட வரல. சோப்புத் தண்ணி வுட்டு, நூலு சுத்தி, நான்தான் கெயட்டினேன். அன்னிக்கி வெள்ளிக்கெயம. எப்பிடிக் கழுவணும்னு சொல்லிக் குடுத்தாங்க. அப்புறம் வாராவாரம் கழுவச் சொல்லுவாங்க, பாப்பாங்க, உள்ள வச்சிருவாங்க. போட மாட்டாங்க. பக்கத்துல நான் ஒருத்திதான். கழுவும்போது பேசுவாங்க, அழுவாங்க, சில நாளு சிரிப்பாங்க. நான் கெளம்பும்போது கையில வச்சி அமுக்குனாங்க. 'இது இங்க இருந்தா தெனம் நான் அவன் புதுசா கட்டிக்கினவ கைய நெனச்சிக்கினு கெடப்பேன், நீ எடுத்துக்கினு போ'ன்னாங்க."

வெளியே யாரோ தெலுங்கில் காய்கறி விற்றுக்கொண்டு போனார்கள்.

"பேரப் பாத்தியே, பக்கத்துல வருசம் போட்டிருக்குமே, அதப் பாத்தியா? எண்பத்தஞ்சு. அவங்க கல்யாணம் ஆன வருசம். நான் அப்ப கங்காதர நெல்லூர்ல எங்கம்மா பின்னால நெலக்கடல பொறுக்கிக்கினு இருந்தேன். ஒம்போது வயசு."

வேதாச்சலம் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னது இப்போது அவன் காதில் விழுந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?" என்றாள்.

"கேட்டேன். மேடம் குடுத்தாங்கன்ன."

"நெசத்தச் சொன்னேன். உனக்குப் போதல. சரி, நான் ஒண்ணு சொல்லட்டா? நான் வந்து எறங்குன அன்னிக்கி, மெட்ராஸ் ஏர்போர்ட்ல, எம்பொண்ணு என்னப் பாத்துட்டு கமலம்மா முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்சா."

கமலம்மா பக்கத்து வீட்டுக்காரி, புருஷனை இழந்தவள். திருச்சானூருக்குக் குடிவந்த நாளிலிருந்து பிரியங்காவுக்குத் தலை வாரிவிட்டதும், இவர்களுக்கு முக்கால்வாசி நாள் குழம்பு கொடுத்ததும் அவள்தான்.

"இன்னிக்கும் தல பின்ன அங்கதான் ஓடறா. உனக்கும் அவ வச்ச கருவாட்டுக் கொழம்புன்னா ரெண்டு சோறு கூட எறங்குது. எனக்கு எரியாதா? எரியுது. ராவும் பகலும் எரியுது. ஆனா இத்தினி வருசம் எம்பொண்ணப் பாத்துக்கினவள நான் இன்னான்னு கேப்பேன்? அவ ஊட்ல பூந்து எதனா தேடிக்கினு இருந்தனா?"

இதை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. கமலம்மா வீட்டுக் கிண்ணத்தை யமுனா ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறான். சுத்தக்காரி என்று மட்டும்தான் எண்ணியிருந்தான்.

"தப்புதான்" என்றான். "வா. ரிப்பேர் செஞ்சிக்கினு வந்துரலாம்."

அன்றைக்கு அவள் மோதிரத்தைக் கழுவவில்லை. ஆடுகிற கல்லோடு கழுவக்கூடாது என்று துணியில் பொதிந்துகொண்டாள். திருப்பதியில் கடைத்தெருச் சந்து ஒன்றில் கல் பதிக்கும் ஆசாரி இருந்தார். கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு பார்த்தார். சின்னக் குறடால் வளைந்த காலை நிமிர்த்திக் கல்லின் மேல் அமுக்கினார். ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை.

"கல்லுக்கு ஒண்ணும் ஆகல. தங்கம்தான் உள்ள நல்லாக் கீறியிருக்கு. யாரு, கம்பி போட்டுத் தேச்சது?" என்றார். பச்சையப்பன் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டான். "பாலிஷ் போட்டா கீறல் பூடும். எழுத்தும் கூடவே பூடும். பரவால்லியா?"

பூடட்டும் என்று பச்சையப்பனுக்கு நுனிநாக்கு வரை வந்துவிட்டது. யமுனா முந்திக்கொண்டாள்.

"வேணாங்க. எழுத்து இருக்கட்டும்."

சட்டென்று மறுபடி அந்தப் பழைய எரிச்சல். அவனுக்கே வெட்கமாக இருந்தது. எல்லாம் தெரிந்த பிறகும், இன்னொரு ஆம்பளையின் பெயர் அவள் விரலைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் என்பதை அவன் மனது ஒத்துக்கொள்ளவில்லை. யமுனா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அது அந்த ஆளுக்காக இல்ல" என்றாள். "அவங்க என்னிக்கினா திருப்பிக் கேட்டா, அப்பிடியே குடுக்கணும்."

ஆட்டோவில் அவள் பின் சீட்டில் உட்கார்ந்தாள். ரேணிகுண்டா ரோடு திரும்பும் வரை அவன் வண்டியை மட்டும் பார்த்து ஓட்டினான். ஆறு வருடம் இவள் என்ன தின்றாள், எந்த அறையில் படுத்தாள், யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால், தான் இல்லாமல் அவள் வாழ்ந்த வாழ்க்கை ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். அதை நினைத்தால் இப்போதும் எரிந்தது. எரியட்டும் என்று விட்டான்.

"உங்க மேடம் காலையில இன்னா துன்னுவாங்க?" என்று திரும்பாமலே கேட்டான்.

"எதுக்குக் கேக்கற?"

"சும்மா. சொல்லேன்."

"ரொட்டிதான். தோசக்கல்லு அகலத்துக்கு இருக்கும். அதோட வெள்ள சீஸும், உப்புல போட்ட கறுப்புக் காயி ஒண்ணும். முதல்ல எனக்கு வாயில வைக்கவே முடியல. ஒருநாளு திருட்டுத்தனமா நம்ம ஊரு மாங்கா ஊறுகா தொட்டுக்கினு துன்னேன். மாமா பாத்துட்டாங்க..."

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ரோட்டோரத்தில் மொட்டைத் தலையோடு நான்கு பேர் கை காட்டி, "அம்மவாரி கோயிலுக்கா?" என்று கத்தினார்கள். நல்ல சவாரி. பச்சையப்பன் நிறுத்தாமல் போனான்.