மாப்பிள்ளை போட்ட டிரைவர்

இர்பானுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கீழக்கரை வழக்கப்படி பெண்வீட்டிலேயே குடியிருந்தான். புது மாப்பிள்ளை தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலே ஓடிவந்து பிடுங்கிக்கொள்ளும் வீடு அது. சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கை சும்மா இருக்குமா? மனைவி அஃபீஃபா குளிக்கப் போன நேரம் பார்த்து, அவளுடைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டுக்கு இருப்பதிலேயே புதிய டிரைவர் மென்பொருளைப் போட்டுவிட்டான். நல்லது செய்வோமே என்றுதான். மறுபடி ஆன் செய்தால் திரை ஒரே கறுப்பு. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கியது. அவள் அதில் வரைந்த சமையலறை வடிவமைப்புப் படங்கள் சாயங்காலத்துக்குள் சென்னைக்குப் போயாக வேண்டும். அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும். இர்பான் நேரே மாமியாரிடம் ஓடினான்.

"மாமி, கம்ப்யூட்டர நான்தான் கெடுத்துட்டேன்."

"மாப்பிள்ளை கை பட்டா கெடும்? எல்லாம் இந்த உப்புக் காத்து," என்று மாமியார் காலிதா ஒரு தட்டு தொதல் அல்வாவை நீட்டினார்.

மாமனார் ஹசன் அலியிடம் போனான். "மாமா, தப்பு என் மேலதான்."

"அட, நீங்க வேற. கரண்டு ஏறி ஏறி இறங்குதுல்ல?" என்றவர், இன்வெர்ட்டர் போட்டவருக்குப் போன் போட்டுத் திட்டத் தொடங்கினார். குற்றவாளியே வந்து நின்றாலும் ஒப்புக்கொள்ளாத வீட்டில் என்னதான் செய்வது?

அஃபீஃபா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். கறுப்புத் திரையைப் பார்த்தாள். மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தியதும் வெறும் எழுத்துத் திரை வந்தது. எதையோ தட்டி, கடைசியாக என்ன போடப்பட்டது என்று படித்தாள்.

"உப்புக் காத்தும்மா," என்றார் காலிதா.

"இல்ல உம்மா. மச்சான்தான் கெடுத்திருக்காக," என்று கணவனைக் கைகாட்டினாள்.

ஹசன் அலி போனைக் கீழே வைத்தார்.

"ஏன் மச்சான், என் கார்டு பழசு. புது டிரைவர் இதுக்குச் சேராது. கேக்காம கொள்ளாம யாரு கைய வைக்கச் சொன்னா? அறிவு வேணாம்?"

இர்பானுக்கு உயிர் வந்தது. அந்த வீட்டில் ஒருவராவது அவனைத் திட்டிவிட்டாரே!

அவள் சொல்லச் சொல்ல அவனே தட்டினான். புது டிரைவரை நீக்கி, பழைய கார்டுக்கு உரியதைப் போட்டான். கம்ப்யூட்டர் எழுந்ததும் அவளுடைய நீலச் சமையலறை பளிச்சென்று வந்தது. சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

"இனி நான் பாத்துக்கிறேன். நீங்க போயி எனக்கு ஒரு டீ போட்டுக் கொண்டாங்க."

காலிதா பதறி எழுந்தார். அதற்குள் இர்பான் அடுப்படிக்குள் நுழைந்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை.

"மாமி, சீனி எங்கன இருக்கு?"

காலிதா மகளைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், திரும்பவும் உட்கார்ந்துகொண்டார்.

"மேத்தட்டுலதான் இருக்கு. கண்ணத் தொறந்து பாருங்க!"